காட்டுக்குள் ஓர் ஊர்: பிராக்கன்ஹர்ஸ்ட் ஏன் பெரிதாகவில்லை?

மழைக்குருவி:
எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக சவுத்தாம்ப்டன் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக பிராக்கன்ஹர்ஸ்ட் போனேன். நியூ ஃபாரஸ்ட் காட்டுக்கு நடுவில் இருக்கும் கிராமம். ரயிலில் சுமார் இருபது நிமிஷம்தான்.

கடைத்தெருவுக்கு நடந்தால், பேக்கரி வாசலில் ஒரு கழுதை நிற்கிறது. கயிறு இல்லை, மேய்ப்பவரும் இல்லை. கடைக்குள்ளிருந்து வந்த அம்மா அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். தெருக்கோடியில் ஓர் ஓடை சாலைக்குக் குறுக்கே ஓடுகிறது. கார்கள் தண்ணீருக்குள் இறங்கி ஏறித்தான் போகின்றன. பக்கத்துப் புல்வெளியில் நாலு மட்டக்குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

லண்டனுக்கு நேர் ரயில் இருக்கிறது, ஒன்றரை மணி நேரப் பயணம். அப்படிப்பட்ட ஊரில் மொத்தம் 3,500 பேர்தான் இருக்கிறார்கள். இது எப்படி? இன்னொன்றும் புரியவில்லை. பழைய தேவாலயம் கடைத்தெருவை விட்டு ரொம்ப தள்ளி, ஒரு மேட்டில் தனியாக நிற்கிறது. நம் மனக்கணக்கில் கோயிலைச் சுற்றித்தானே ஊர் இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரயில்தாத்தா:
இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், தம்பி. முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் இருந்தவன்.

சவுத்தாம்ப்டனிலிருந்து டார்செஸ்டர் வரை பாதை போட்டு 1847 ஜூன் 1ஆம் தேதி திறந்தார்கள். பிராக்கன்ஹர்ஸ்ட் ஸ்டேஷனும் அன்றைக்கே திறந்ததுதான். அந்தப் பாதைக்கு 'காஸில்மேனின் தக்கைத் திருகி' என்று பட்டப்பெயர். காஸில்மேன் என்பவர் விம்போர்ன் ஊர் வழக்கறிஞர், பாதைக்கு முன்கை எடுத்தவர். பாட்டில் தக்கையைத் திருகி எடுக்கும் கம்பி மாதிரி பாதை வளைந்து வளைந்து போகும், அதனால் அந்தப் பெயர். ரிங்வுட், விம்போர்ன் ஊர்களைத் தொட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது ஒரு காரணம். காட்டை நேராகக் கிழித்துக்கொண்டு போகக் காட்டு நிர்வாகம் விடாதது இன்னொரு காரணம்.

1858இல் லிமிங்டனுக்குக் கிளைப்பாதை வந்து இது ஜங்ஷன் ஆனது. 1888இல் ஸ்வே வழியாக போர்ன்மத்துக்கு நேர்ப்பாதை வந்தது. அதோடு பழைய வளைவுப் பாதை மெல்லத் தேய்ந்து, 1964இல் பயணிகள் ரயிலும் நின்றுபோனது. இன்று அந்தத் தடத்தில் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

ஸ்டேஷன் வந்த பிறகு கடைகள் எங்கே வந்தன என்று பாருங்கள். நீங்கள் நடந்த தெரு புரூக்லி ரோடு. புரூக்லி என்பது ஒரு காலத்தில் தனிக் குடியிருப்பு. ஊர் தேவாலயத்தை விட்டுவிட்டு ரயில் பக்கமாக நகர்ந்து வந்துவிட்டது. ஜங்ஷன் ஊர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஈரோட்டுக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

ஏட்டுச்சுவடி:
தாத்தா சொன்னது 170 வருஷக் கதை. நான் இன்னும் எண்ணூறு வருஷம் பின்னால் போகிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் 1079 வாக்கில் இந்தப் பகுதியைத் தன் வேட்டைக்கு ஒதுக்கினான். 'நியூ ஃபாரஸ்ட்' என்ற பெயர் அப்போது வந்தது. தொள்ளாயிரம் வருஷம் கழித்தும் அது 'புதிய' காடுதான்! ஃபாரஸ்ட் என்றால் அன்று மரக்கூட்டம் என்று பொருள் இல்லை, காட்டுச் சட்டம் செல்லும் நிலம் என்றுதான் பொருள். அதனால்தான் இன்றும் அங்கே பாதிக்குமேல் மரமே இல்லாத புதர்வெளியும் சதுப்பும் இருக்கின்றன.

அவன் எடுத்த 1086ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் பிராக்கன்ஹர்ஸ்ட் வருகிறது, அதன் தேவாலயமும் வருகிறது. அந்த வாசலில் நிற்கும் யூ மரம் ஆயிரம் ஆண்டைக் கடந்தது என்கிறார்கள். அதாவது அரசன் காட்டை ஒதுக்கியபோதே ஊர் அங்கே இருந்திருக்கிறது.

காட்டுச் சட்டத்தில் மானும், மான் தின்னும் பசுமையும் அரசனுக்குச் சொந்தம். மான் தாண்ட முடியாத வேலியைக் குடியானவன் போடக் கூடாது. பெரிய நாய் வைத்திருந்தால் அதன் முன்கால் நகங்களை வெட்டிவிடுவார்கள். பக்கத்து ஊரான லிண்ட்ஹர்ஸ்டின் நீதிமன்ற மண்டபத்தில் ஒரு பழைய இரும்பு அங்கவடி, அதாவது குதிரை ஏறுகிறவர் கால் வைக்கும் வளையம், தொங்குகிறது. அந்த வளையத்துக்குள் நுழையும் அளவு நாய் சிறியதாக இருந்தால் தப்பித்தது என்று சொல்வார்கள்.

வேலி போட முடியாதவன் எப்படிப் பிழைப்பான்? அதனால் அவன் மாட்டையும் குதிரையையும் காட்டுக்குள் மேய விட்டார்கள். அந்த மேய்ச்சல் உரிமை இன்றுவரை உயிரோடு இருக்கிறது. ஊர் ஏன் பெரிதாகவில்லை என்றால், சுற்றியிருக்கும் நிலம் அத்தனையும் ஆயிரம் வருஷமாக யாரோ மேய்த்துக்கொண்டிருக்கும் நிலம். என் பதில் இதுதான்.

நேர்பேச்சு:
ஒரு திருத்தம். வில்லியம் ஊர் ஊராக அழித்து, தேவாலயங்களை இடித்து, மக்களைத் துரத்தித்தான் இந்தக் காட்டை உண்டாக்கினான் என்று படித்திருக்கிறேன். அவன் மகன் வில்லியம் ரூஃபஸ் 1100ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி இதே காட்டில் அம்பு பட்டுச் செத்தான். அதை அந்தப் பாவத்தின் கூலி என்று அன்றைய துறவிகள் எழுதி வைத்தார்கள். இதை விட்டுவிட்டு மேய்ச்சல் உரிமை தந்தார்கள் என்று மட்டும் சொல்வது சரியா?

ஏட்டுச்சுவடி:
நல்ல கேள்வி, நண்பரே. துறவிகள் அப்படி எழுதி வைத்தது உண்மைதான். ஆனால் அத்தனை ஊர்கள் அங்கே இருந்திருக்க மண் இடம் கொடுக்காது. மணலும் சரளையும் கலந்த புளிப்பு மண். வெண்கலக் காலத்திலேயே மரம் வெட்டிப் பயிர் செய்து, சத்து போய்ப் புதர்வெளியாக மாறிய நிலம் நிறைய. அக்காலப் புதைமேடுகள் இன்றும் வெளியில் தெரிகின்றன. குடும்பங்கள் துரத்தப்பட்டது உண்மை, கணக்கேட்டிலேயே தடயம் இருக்கிறது. ஆனால் டஜன் கணக்கில் ஊர்களை அழித்தான் என்பதை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

கொடுமை குறைந்தது 1217இல்தான். அந்த ஆண்டு வந்த காட்டுச் சாசனத்துக்குப் பிறகு மானைக் கொன்றவனுக்கு உயிரோ உறுப்போ போகாது என்றானது.

கிடைக்காரன்:
ராமநாதபுரம் பக்கம், எங்கள் அப்பா கிடை போடுகிறவர். இந்த இழையைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது. இத்தனை குதிரை மேய்கிறது, மேய்ப்பவன் கூட இல்லை என்கிறீர்கள். சரி, எது யாருடையது என்று எப்படித் தெரியும்? எங்கள் பக்கம் காது வெட்டி அடையாளம் வைப்போம். அங்கே என்ன செய்கிறார்கள்? அப்புறம், உரிமை ஆளுக்கா, குடும்பத்துக்கா, நிலத்துக்கா?

தெற்குக்கரை மீனா:
தம்பி, நான் லிமிங்டனில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு காமனர், அதாவது மேய்ச்சல் உரிமை உள்ளவர். அவர் வழியாகப் பார்த்ததைச் சொல்கிறேன்.

உரிமை நிலத்துக்கு, இல்லையென்றால் வீட்டுக்கு. அந்த வீட்டில் யார் குடியிருக்கிறாரோ அவர் மேய்க்கலாம். வீட்டை விற்றால் உரிமையும் கூடவே போய்விடும். மேய்ச்சல் மட்டும் இல்லை, வெவ்வேறு வீடுகளுக்கு வெவ்வேறு உரிமை. சிலருக்கு விறகு உண்டு, சிலர் அடுப்பெரிக்கப் புல்வேரோடு சேர்ந்த மண்கட்டியை வெட்டிக்கொள்ளலாம். இலையுதிர்காலத்தில் பன்றி விடும் உரிமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அதற்கு பேனேஜ் என்று பெயர். ஓக் மரத்துக் கொட்டை பச்சையாக விழும்போது குதிரையும் மாடும் அதைத் தின்றால் விஷம். பன்றிக்கு ஒன்றும் செய்யாது. அதனால் குறைந்தது 60 நாள் பன்றிகளைக் காட்டுக்குள் விட்டு, கொட்டையைத் தின்று தீர்க்க வைப்பார்கள். தரையைக் கிளறிப் போடாமலிருக்க மூக்கில் வளையம் போட்டிருக்கும்.

அடையாளத்துக்குச் சூட்டுக்கோல் முத்திரை ஒன்று உண்டு, ஒவ்வொரு உரிமையாளருக்கும் தனி எழுத்து. அதற்கு மேல் வால் இருக்கிறது. வருஷம் ஒருமுறை, வெயில் காலம் முடியும் சமயத்தில் தொடங்கி, குதிரைகளை ஓட்டிப் பட்டிக்குள் அடைப்பார்கள். அஜிஸ்டர் என்று ஐந்து பேர், காட்டைப் பங்கு போட்டுப் பார்த்துக்கொள்ளும் அலுவலர்கள். ஒருமுறை நான் பட்டிக்கு வெளியே நின்று பார்த்தேன். மரச்சட்டங்களுக்கு நடுவில் குதிரை ஒடுங்கி நிற்கிறது, அஜிஸ்டர் பின்னால் வந்து வாலை இடது கையில் பிடித்து, கத்தரியால் நறுக் நறுக்கென்று படிபோல வெட்டினார். இரண்டு படியா, மூன்று படியா என்பதை வைத்து எந்த அஜிஸ்டர் பங்குக் குதிரை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். அந்த வருஷத்து மேய்ச்சல் கட்டணம் கட்டியாகிவிட்டது என்பதற்கும் அதுதான் ரசீது. வெட்டிய மயிர் அவர் பூட்ஸைச் சுற்றிக் குவிந்து கிடந்தது. குதிரை காதைக்கூட அசைக்கவில்லை.

இவர்களுக்கு மேலே வெர்டரர் சபை. பத்துப் பேர், அதில் ஐந்து பேரைக் காமனர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். லிண்ட்ஹர்ஸ்டில் அந்த அங்கவடி தொங்கும் மண்டபத்தில்தான் இன்றும் கூடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் போய் எழுந்து நின்று குறை சொல்லலாம்.

கிடைக்காரன்:
அக்கா, வால் ரசீது விஷயத்தை அப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். "குளிர் காலத்தில் என்ன தின்னும்?" என்று கேட்கிறார்.

தெற்குக்கரை மீனா:
கோர்ஸ் என்று மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர் இருக்கிறதே, அதன் நுனிக் கொழுந்தைத் தின்னும். உதட்டை ஒதுக்கிக்கொண்டு முள் குத்தாமல் கடிக்கும், பார்க்க ஆச்சரியமாக இருக்கும். ஹோலி மரக் கிளைகளையும் வெட்டிப் போடுவார்கள். கிழடு தட்டி முற்றிய புதர்களைக் குளிர்காலக் கடைசியில் அளவாகத் தீ வைத்து எரித்துவிட்டால் புதுத் துளிர் வரும். அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:
இந்த உரிமை சும்மா தங்கவில்லை. கப்பற்படைக்கு ஓக் மரம் வேண்டும் என்று 1698இல் ஒரு சட்டம் வந்தது. காட்டில் 6,000 ஏக்கரை வேலி போட்டு மரம் வளர்க்கலாம், வளர்ந்ததும் வேலியைப் பிரித்துவிட்டு அடுத்த நிலத்தை வளைக்கலாம். இப்படி வேலி சுற்றிச் சுற்றி நகர்ந்தால் கடைசியில் முழுக்காடும் தோப்பாகிவிடும்.

1851இல் இன்னொரு சட்டம். அரசு மான்களை அகற்றிவிடும், பதிலுக்கு இன்னும் 10,000 ஏக்கர் வேலி போடும். காமனர்களுக்கு அப்போதுதான் கழுத்தில் கத்தி வந்தது தெரிந்தது. நல்ல புல் இருந்த இடமாகப் பார்த்து வளைக்கத் தொடங்கினார்கள். சிறு குடியானவர்கள் கத்தினார்கள், நிலப்பிரபுக்களும் சேர்ந்துகொண்டார்கள், புதர்வெளியின் அழகைக் காக்க வேண்டும் என்று லண்டன்காரர்களும் குரல் கொடுத்தார்கள். 1877இல் புதுச் சட்டம் வந்தது. வேலி நகர்வது நின்றது, வெர்டரர் சபை காமனர்களின் சபையாக மாறியது. பிராக்கன்ஹர்ஸ்ட் கடைத்தெருவில் இன்று கழுதை நிற்கிறது என்றால், அந்த 1877தான் காரணம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வேதனை. 1877இல் தன் நாட்டுக் குடியானவனுக்கு மேய்ச்சலைத் திருப்பிக் கொடுத்த அதே அரசு, 1878இல் இந்தியக் காட்டுச் சட்டத்தையும் 1882இல் மதராஸ் காட்டுச் சட்டத்தையும் கொண்டுவந்தது. நம் ஊர்களில் மேய்ச்சலும் விறகும் அனுமதிச் சீட்டுக்கும் அபராதத்துக்கும் உட்பட்டது அதிலிருந்துதான். அங்கே அவர்களுக்கு நாடாளுமன்றத்தில் பேச ஆள் இருந்தது.

கிடைக்காரன்:
அந்த அபராதம் எங்கள் தாத்தா காலத்துக் கதைகளில் வரும். நன்றிங்க.

நேர்பேச்சு:
ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஊரின் கணக்கை முழுசாகப் பார்ப்போம். பிராக்கன்ஹர்ஸ்ட் பண்ணையை 1770 வாக்கில் வாங்கிய மோரண்ட் குடும்பத்துக்குச் செல்வம் எங்கிருந்து வந்தது? ஜமைக்காவில் அவர்களுக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன, உழைத்தவர்கள் அடிமைகள். அந்தப் பணம்தான் மாளிகையும் பூங்காவும் ஆகி இந்த ஊரில் நிமிர்ந்து நின்றது.

இன்றைய நிலையும் அப்படித்தான். 2005இல் நியூ ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா ஆனது. புது வீடு கட்டக் கடுமையான கட்டுப்பாடு. இருக்கும் வீடுகளை ஓய்வுபெற்ற பணக்காரர்களும் விடுமுறைக்கு வருகிறவர்களும் வாங்கிக்கொள்கிறார்கள். மாடு வளர்க்கிறவன் மகனுக்கு அந்த ஊரில் வீடு வாங்கக் கட்டுப்படியாகுமா? உரிமை வீட்டோடு ஒட்டியது என்று மீனா அவர்கள் சொன்னார். வாங்குகிறவர் ஒரு குதிரையும் விடவில்லையென்றால் அந்த உரிமை வெறும் காகிதம். மேய்ச்சல் நின்றால் புதர்வெளி இருபது வருஷத்தில் பைன் மரமும் பிர்ச்சும் மண்டிப்போய்விடும்.

தெற்குக்கரை மீனா:
நீங்கள் சொல்வது உண்மை. என் பக்கத்து வீட்டுக்காரரின் மகள் ஊருக்கு வெளியே பத்து மைல் தள்ளி வாடகைக்கு இருக்கிறாள். காலையில் வேலைக்குப் போகும் முன் வண்டியில் வந்து குதிரைகளைத் தேடிப் பார்த்துவிட்டுப் போவாள். காமனர்களுக்கென்று தனி வீட்டு ஏற்பாடு ஒன்று உண்டு, ஆனால் கிடைப்பது சிலருக்குத்தான். குதிரையில் லாபம் கிடையாது. பியூலி ரோடு சந்தையில் ஒரு குட்டி விற்று வருவது வைத்தியர் செலவுக்கே சரியாகப் போய்விடும். அப்படியும் விடமாட்டேன் என்கிறாள்.

இன்னொரு துயரம், கார். திறந்த காட்டில் 40 மைல் வேகம்தான் அனுமதி. அப்படியிருந்தும் வருஷத்துக்குப் பல பத்து விலங்குகள் அடிபட்டுச் சாகின்றன. இருட்டில் தெரியட்டும் என்று குதிரைக் கழுத்தில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டுகிறார்கள். ஞாயிறு போகிறவர்கள் மெதுவாக ஓட்டுங்கள், கை கூப்பிக் கேட்கிறேன்.

ரயில்தாத்தா:
நேர்பேச்சு சொன்ன மேல்தட்டுக் கதைக்குப் பக்கத்தில் ஓர் ஏழைக் கதையும் இருக்கட்டும். அந்த ஊரில் ஹாரி மில்ஸ் என்று ஒருவர் இருந்தார், 1840இல் பிறந்தவர். 'பிரஷர்' மில்ஸ் என்று கூப்பிடுவார்கள். கிரிக்கெட் மைதானத்தைப் பெருக்கிக் கொடுத்ததால் வந்த பெயராம். காட்டுக்குள் கரி சுடுகிறவர்களின் பழைய குடிசையில் குடியிருந்தார். தொழில் பாம்பு பிடிப்பது. ஒரு கவைக்கோல், ஒரு சாக்கு, இடுப்பில் தகர டப்பாக்கள். லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்புவார். நீண்ட காலம் குடியிருந்ததால் குடிசை இடம் அவருக்கே உரிமையாகும் நேரத்தில் யாரோ அதைச் சிதைத்துவிட்டார்கள். 1905இல் இறந்தார். ஊரார் காசு சேர்த்து, அவர் பாம்புகளோடு நிற்கிற மாதிரி சலவைக்கல்லில் செதுக்கி, அந்த மேட்டுத் தேவாலயத்தில் நட்டார்கள்.

தெற்குக்கரை மீனா:
ஊரார் காசு சேர்த்து வைத்த கல் இன்னொன்றும் அங்கே இருக்கிறது தாத்தா. மழைக்குருவி, ஊரில் மீரட் ரோடு என்று ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்தீர்களா? 1914இல் பிரான்ஸில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கப்பலில் சவுத்தாம்ப்டன் கொண்டுவந்து, ரயிலில் பிராக்கன்ஹர்ஸ்ட் சேர்த்தார்கள். ஹோட்டல்களை ஆஸ்பத்திரியாக்கினார்கள், கூடாரம் போட்டார்கள், தகரக் கொட்டகைகள் எழுப்பினார்கள். பிறகு 1916இலிருந்து நியூசிலாந்துப் படையின் ஆஸ்பத்திரி. அதற்கு ஆக்லாந்து என்ற தெருப்பெயர் சாட்சி. அங்கே 93 நியூசிலாந்துக் கல்லறைகள் உண்டு. இந்தியர் கல்லறை மூன்று.

அதில் ஒருவர் சுக்கா. இந்த ஊரில் இருந்த லேடி ஹார்டிங் இந்திய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தவர். 1915 ஜனவரி 12, நிமோனியாவில் இறந்தார், வயது 30. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதால் இந்துக்கள் தங்கள் இடத்தில் எரிக்க மறுத்தார்கள். முஸ்லிம் இல்லை என்பதால் வோக்கிங் ஊர் முஸ்லிம் மயானத்திலும் புதைக்க முடியவில்லை. பிராக்கன்ஹர்ஸ்ட் பாதிரியார் என் தேவாலயத்தில் வையுங்கள் என்றார்.

மழைக்குருவி:
மீனாக்கா, படித்ததும் மனசு கேட்கவில்லை. இன்று லீவு போட்டுவிட்டுப் போய்வந்தேன்.

ஸ்டேஷனிலிருந்து நடந்தே போனேன். மரங்களுக்கு நடுவில் சரிவான பாதை. யூ மரம் உள்ளே பொந்து விழுந்து, சிவப்பும் பழுப்புமாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பாம்பு பிடிப்பவர் கல்லில் குடிசையும் மரமும்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். நியூசிலாந்துக் கல்லறைகள் ஒரே வரிசையாக, ஒரே உயரமாக.

சுக்காவின் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிட்டேன். நான் நினைத்ததைவிடப் பெரிய கல், நிறைய எழுத்து. நாட்டையும் வீட்டையும் நண்பர்களையும் விட்டு வந்தவர் என்று எழுதியிருக்கிறது. சமயத்தால் கிறிஸ்தவர் இல்லை என்றாலும் பிறர் நலனுக்காக உயிரைக் கொடுத்தார் என்றும் இருக்கிறது. இந்த ஊர் மக்கள் வைத்த கல் என்றும் ஒரு வரி. பாசி படிந்த இடங்களில் விரலால் தடவித்தான் படித்தேன். அவர் விலாசமும் இருந்தது. பரேலி நகரம், கங்காபூர், மொஹல்லா என்ற சொல்கூட அப்படியே.

கிடைக்காரன்:
தெருப் பெயரோடவா? இங்கிலாந்துக் காட்டுக்குள்ள ஒரு கல்லிலேயா?

மழைக்குருவி:
ஆமாம். திரும்பி வரும்போது புரூக்லி ரோட்டில் அதே கழுதை, இந்தத் தடவை வங்கி வாசலில். கூட ஒரு குட்டியும் நின்றது.